ஆற்றுப்படுத்துவோர் கடன்

பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படை நூல்கள் என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். திருமுருகாற்றுப்படையை ஒருபுறம் வைத்து நோக்கின், ஏனையவற்றின் அமைப்பு ஒன்றே. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்குத் தான் பெற்ற வளத்தைக் கூறி, இன்ன வழியாற் சென்று இன்ன வள்ளலைக் காண்பாயாக என வழிப்படுத்துகின்றான். இங்கு கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. வழிப்படுத்துவோன் அரசனின் அலுவலன் அல்லன். கேட்போனின் தொழிலையே தன் தொழிலாகக் கொண்டவன். அவனுடைய பசியை அறிந்தவன். அதனாலேயே அவன் சொல் எடுபடுகின்றது. அவ்வாறாயின், வள்ளல் ஒருவன் இப்பாணனுக்கு மாதந்தோறும் வேதனம் வழங்கி, 'நீ பாணனாகவே இரு. பாணர் கூடுமிடமெல்லாம் செல். நீ கண்டதைச் சொல்' என அமர்த்தியிருப்பானேல், அப்பாணனுடைய சொல்லின் பெறுமானம் யாது?

இது வெறுங் கற்பனை வினாவன்று. இன்றைய மென்பொருள் துறையில் இத்தகைய பாணருக்கென ஒரு தொழிலே தோன்றி நிலைபெற்றுள்ளது. ஆங்கில வழக்கில் அவரை 'டெவலப்பர் அட்வக்கேற்' என்பர். நிரல் எழுத வல்லவர். நிரலாளர் மத்தியிலே பழகுபவர். ஆயின் வேதனம் பெறுவது ஒரு நிறுவனத்திடம். இக்கட்டுரையில் அவரைச் சார்பாளர் எனச் சுட்டுவோம். கணினித்துறை பற்றிய விடயத்திற் கலைப்பீடத்தார்க்கு என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். சார்பாளர் விற்பது கணினியை அன்று, தம் சொல்லின்மீது பிறர் வைத்துள்ள நம்பிக்கையை. சொல்லுக்கும் சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலான உறவு தொன்றுதொட்டு எம்முடைய வயலாகவே இருந்து வந்துள்ளது.

வணிக மென்பொருள் தளம் என்பது யாதென முதலில் நோக்குதல் வேண்டும். கணக்குவைப்பு, சம்பளப் பட்டியல், களஞ்சிய இருப்பு, வாடிக்கையாளர் விபரம் என்பனவற்றைப் பேணும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எனவே 1972இல் ஜேர்மனியில் தோன்றிய எஸ்.ஏ.பி., 1999இற் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய சேல்ஸ்போர்ஸ் போன்றவை முற்றுப்பெற்ற பண்டமொன்றை மாத்திரம் விற்பதில்லை. பிறர் தத்தம் தேவைக்கேற்ப மேலே நிரல் எழுதிக் கட்டுவதற்கான நிலத்தையும் அவை வழங்குகின்றன. கட்டுவோர் பெருகினால் நிலத்தின் மதிப்பு உயரும். அவர்கள் விலகினால் நிலம் தரிசாகும். ஆகவே நிரலாளரைத் தம்பால் ஈர்ப்பது இந்நிறுவனங்களுக்கு உயிர்நாடி. நிரலாளரோ பொதுவாக விளம்பரத்தை நம்பாதோர்; விற்பனையாளரைக் கண்டால் ஒதுங்குவோர். தம்மை ஒத்த ஒருவர் வந்து, நிரலைத் திறந்து காட்டி, இது இவ்வாறு இயங்கும், இவ்விடத்தில் இடறும் எனக் கூறினாற் செவிகொடுப்பர். மாதிரி நிரல் எழுதுதல், விளக்கநூல் திருத்துதல், மாநாடுகளிற் பேசுதல், ஐயங்களுக்கு விடையிறுத்தல், நிரலாளரின் முறைப்பாடுகளைத் தம் நிறுவனத்துப் பொறியியலாளரிடம் எடுத்துச் செல்லல் என்பன சார்பாளரின் அன்றாடக் கருமங்கள்.

இத்தொழிலுக்கு வழங்கிய பெயர்களே சிந்தனைக்குரியன. 1984 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் மக்கின்ரோஷ் கணினியை வெளியிட்டபோது அதற்கென எழுதப்பட்ட நிரல்கள் மிகச் சிலவே. வாங்குவோர் இன்றி நிரல் எழுதுவார் இல்லை. நிரல் இன்றி வாங்குவாரும் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க மைக் பொயிச், கை கவசாக்கி முதலியோர் நிரல் எழுதும் நிறுவனங்களிடம் அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு இடப்பட்ட பதவிப்பெயர் 'இவாஞ்சலிஸ்ற்', அதாவது சுவிசேஷகர். யாழ்ப்பாணத்தில் அச்சொல்லின் பொருளை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுவிசேஷகர் தாம் நம்புவதை அறிவிப்பவர்; கேட்போர் மனந்திரும்ப வேண்டும் என எதிர்பார்ப்பவர்; தம் செய்தியிற் குறைகாண அவருக்கு அனுமதியில்லை. பிற்காலத்திற் பல நிறுவனங்கள் இப்பெயரைக் கைவிட்டு 'அட்வக்கேற்' என்பதை ஏற்றன. நிறுவனத்தின் செய்தியை நிரலாளரிடமும் நிரலாளரின் வழக்கை நிறுவனத்திடமும் பேசுபவர் எனப் பொருள் கூறப்பட்டது.

அட்வக்கேற் என்னும் சொல்லும் எமக்கு அந்நியமானதன்று. எம் பாட்டன்மார் அதனை 'அப்புக்காத்து' என்றனர். நீதிமன்றிற் பேசும் அப்புக்காத்து வேறு, கட்சிக்காரரை நேரிற் சந்தித்துப் பத்திரம் எழுதும் பிரக்கிராசி வேறு என்றிருந்த நிலை 1974இல் மாறி, இருசாராரும் சட்டத்தரணி என ஒன்றாயினர். அப்புக்காத்து ஒருபக்கம் சார்ந்து பேசுகின்றார் என்பதற்காக அவரைப் பொய்யர் என எவரும் கூறுவதில்லை. ஏன்? எதிரே மற்றொருவர் நிற்கின்றார். மேலே நடுவர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். ஒருவர் மறைப்பதை மற்றவர் வெளிக்கொணர்வார் என்னும் ஏற்பாடு உள்ளமையால் ஒருபக்கச் சார்பு அங்கே ஒழுங்கின் பகுதியாகின்றது. மென்பொருள் மாநாட்டு மண்டபத்தில் எதிர்த்தரப்பு இல்லை, நடுவரும் இல்லை. கேட்டிருக்கும் இளம் நிரலாளரே நடுவரும் எதிர்வழக்காடுபவரும் ஆகவேண்டியுள்ளது. அன்றியும், அப்புக்காத்து யாருடைய பணத்தைப் பெறுகின்றாரோ அவருக்காகவே பேசுகின்றார். சார்பாளரோ ஒருவரிடம் பணம் பெற்று மற்றவருக்காகவும் பேசுவதாகக் கூறுகின்றார். பெயர் மாறியது நன்றே. ஆயினும் பெயருக்கு நியாயம் தந்த நிறுவன அமைப்புப் பெயருடன் கூட வரவில்லை.

சார்பாளர் பொய் பேசுபவரா என்பதே பலர் மனத்தில் முதலில் எழும் ஐயம். பொய் நிகழ்ந்ததுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்ரோசொப்ற் நிறுவனத்துக்கெதிராக நுகர்வோர் தொடுத்து 2007 பெப்ரவரியிற் சமரசத்தில் முடிந்த வழக்கிற் சான்றாக வந்த ஆவணங்களுள், 1990களில் அந்நிறுவனத்திற் பயன்பட்ட பிரசாரப் பயிற்சிக் குறிப்புகளும் இருந்தன. நடுநிலையாளர் போலத் தோற்றும் தம் ஆதரவாளரைக் கருத்தரங்க மேடைகளில் அமர்த்தும் உபாயம் அவற்றில் விளக்கப்பட்டிருந்தது. இதனை ஆராய மெய்யியல் தேவையில்லை. இது வஞ்சகம், அவ்வளவே. புகழுரை கூறுவோர்க்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்படுத்தப்படல் வேண்டும் என்பது அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவின் வழிகாட்டல்களிலும் இடம்பெற்றுள்ளது. எம் அக்கறைக்குரியவர் இத்தகையோர் அல்லர். தம் சட்டையிலேயே நிறுவனத்தின் சின்னத்தைப் பொறித்துக்கொண்டு, குறைகளையும் மறையாது கூறும் நேர்மையான சார்பாளரே எம் சிக்கல்.

இமானுவெல் கான்ற் ஒழுக்கவியலின் அடிப்படைகள் பற்றி 1785இல் வெளியிட்ட நூலில் ஒரு கடைக்காரனை உதாரணம் காட்டுகின்றார். அனுபவமற்ற வாடிக்கையாளரிடமும் அவன் கூடுதல் விலை வாங்குவதில்லை. சிறுபிள்ளை வந்தாலும் அதே விலை. அவனுடைய செயல் கடமைக்கு இசைந்தது. ஆயின் அது கடமையிலிருந்து பிறந்ததா, கடைக்கு நற்பெயர் வேண்டும் என்னும் தன்னலத்திலிருந்து பிறந்ததா என்பதே கான்றின் வினா. இவ்வுதாரணத்தைச் சார்பாளருடன் பொருத்திப் பார்க்குமிடத்து வியப்பான ஒற்றுமை புலனாகின்றது. நிரலாளரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், வெளிப்படைத்தன்மையே நம்பிக்கையைத் தரும், நம்பிக்கையே பயனாளரைத் தரும் என்பது இத்தொழிலிற் பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. ஒரு சிறு குறையைத் தாமாகவே ஒப்புக்கொண்டவரின் பெரும் புகழ்ச்சி எளிதில் நம்பப்படும். உண்மை இங்கே உபாயமாகின்றது. பேசுவோனின் ஒழுக்கத்தாற் கேட்போர் இணங்குவர் என அரிஸ்ரோட்டில் கூறியதை நாம் படித்திருக்கின்றோம். அவ்வொழுக்கமே வேதனத்துக்கு அமர்த்தப்படும் பண்டமாகும் என்பதை அவர் எண்ணியிருந்தாரோ அறியோம்.

எனினும் கான்றின் அளவுகோலை இங்கே நிறுத்திவிடுவது பயன்தராது என்பது எம் துணிபு. நோக்கம் உள்ளத்தின் ஆழத்திற் கிடப்பது. அதனைத் தன் விடயத்திலேனும் ஒருவன் திட்டமாக அறிதல் அரிது என்பதைக் கான்றே ஏற்றுக்கொள்கின்றார். சார்பாளர் ஒருவர் காலையிலே தன்னலத்தாலும் மாலையிலே தோழமையாலும் அதே உண்மையைக் கூறலாம். கேட்போனுக்கு இரண்டும் ஒன்றே. மேலும், இத்தொழிலில் உள்ளோரிற் பலர் தாம் பேசும் கருவியை உண்மையாகவே விரும்புவோர். விரும்பியமையாலேயே அத்தொழிலுக்கு அழைக்கப்பட்டோர். அவர்களைப் பார்த்து நீவிர் நடிக்கின்றீர் எனக் கூறுவது அநியாயம். சிக்கல் அவர்கள் இன்று கூறும் உண்மையில் இல்லை. நாளை பற்றி அவர்கள் கூறாமற் கூறும் வாக்கிலேயே அது உள்ளது.

தளமொன்றை ஏற்குமாறு நிரலாளரை அழைப்பவர், இக்கருவி நன்று என மட்டும் கூறுவதில்லை. உங்கள் வாழ்நாளில் ஐந்தாறு ஆண்டுகளை இங்கே விதைக்கலாம், நிலம் பறிபோகாது எனவும் உணர்த்துகின்றார். இது செய்தியன்று, வாக்கு. அவ்வாக்கைக் காக்கும் அதிகாரம் சார்பாளரிடம் இல்லை. பணிப்பாளர் சபையோ, பங்குச் சந்தையோ, நிறுவனத்தை வாங்கவரும் வேறொரு நிறுவனமோ அதனைத் தீர்மானிக்கும். கிராமத்து மொழியிற் கூறுவதாயின் அவர் பிணை நிற்கின்றார். கடன்பட்டவர் நிறுவனம், கடன் கொடுத்தவர் நிரலாளர், இடையில் தன் பெயரை வைத்துக் கையொப்பமிடுபவர் சார்பாளர். உலக வழக்கிற் கடன்காரன் தவறினாற் பிணையாளி பணத்தைக் கட்டவேண்டும். இப்பிணையாளியோ எதையும் கட்டுவதில்லை. அவர் வேறொரு நிறுவனத்துக்கு மாறிச் செல்வார்; நட்டம் நிரலாளருடன் நின்றுவிடும்.

விசுவல் பேசிக் என்னும் நிரல்மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. மைக்ரோசொப்ற் 1991இல் வெளியிட்ட இம்மொழி, கணக்காளரும் களஞ்சியப் பொறுப்பாளருங்கூடத் தமக்கு வேண்டிய நிரல்களைத் தாமே எழுதத்தக்க எளிமை வாய்ந்தது. 1998இல் வந்த அதன் 6ஆம் பதிப்பில் எண்ணற்ற அலுவலகங்களின் அன்றாடக் கருமங்கள் தங்கியிருந்தன. 2002இல் அதன் வாரிசாக விசுவல் பேசிக் டொட் நெற் வந்தபோது பெயர் தொடர்ந்தது. பழைய நிரல்களோ அப்படியே தொடர்ந்து இயங்கவில்லை. பெரும்பாலானவற்றைத் திருத்தியோ புதிதாகவோ எழுதவேண்டியிருந்தது. 2005 மார்ச் இறுதியுடன் 6ஆம் பதிப்புக்கான பொது ஆதரவும் முடிவடைந்தது. அந்நிறுவனம் தன் கருவிகளைப் பிறர்க்குக் கற்பிக்கும் தொண்டர்களுக்கு 1993 முதல் 'எம்.வி.பி.' என்னும் பட்டம் வழங்கி வந்தது. வேதனம் பெறாத சார்பாளர் என அவர்களைக் கொள்ளலாம். அப்பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் 2005இல் ஒரு விண்ணப்பத்திற் கையொப்பமிட்டு, பழைய மொழியைக் கைவிட வேண்டாம் எனக் கேட்டனர். அது ஏற்கப்படவில்லை. பழைய நிரல்களை இயக்குவதற்கு வேண்டிய அடிப்படைக் கோப்புகளை விண்டோஸில் அந்நிறுவனம் தொடர்ந்து பேணிவந்துள்ளது என்பதையும் இங்கு கூறாதுவிடின் நடுநிலை தவறியோராவோம்.

அவ்விண்ணப்பத்திற் கையொப்பமிட்டோரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பத்தாண்டுக்கு மேலாக அவர்களிற் பலர் தம் அயலவர்க்கும் மாணவர்க்கும் வாடிக்கையாளர்க்கும் இம்மொழியைக் கற்பித்து வந்தனர். அவர்கள் கூறிய எதுவும் கூறிய வேளையிற் பொய்யன்று. மொழி எளிமையானதே, விரைவானதே. ஆயினும் அவர்களை நம்பி நிரல் எழுதியோர் ஒருநாள் தம் உழைப்பின் அடிநிலம் அசைவதைக் கண்டபோது, உண்மையே பேசினோம் என்னும் விடை போதுமானதாகத் தோன்றியிராது. அவ்வாறு தோன்றியிருப்பின் அவர்கள் விண்ணப்பம் எழுதியிருக்கமாட்டார்கள். அவர்கள் தம்மைப் பிணையாளிகளாக உணர்ந்தனர் என்பதற்கு அக்கையொப்பங்களே சாட்சி.

இங்கேதான் பழைய ஆற்றுப்படையும் புதிய ஆற்றுப்படையும் வேறுபடுகின்றன. வள்ளலிடம் பரிசில் பெற்ற பாணன், பெற்றதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவான். யானையோ தேரோ பொற்றாமரையோ அவனுடையது. வள்ளல் மனம் மாறினாலும் கொடுத்ததை மீளப்பெற இயலாது. தளத்திற் குடியேறிய நிரலாளனுக்கு அவ்வசதி இல்லை. எஸ்.ஏ.பி.யின் ஏபாப் மொழியில் எழுதிய நிரல் எஸ்.ஏ.பி. அமைப்புகளிலேயே ஓடும். சேல்ஸ்போர்ஸின் ஏபெக்ஸ் மொழியில் எழுதியது சேல்ஸ்போர்ஸின் கணினிகளிலேயே ஓடும். ஆண்டுக்கணக்கிற் பெற்ற தேர்ச்சியிற் பெரும்பகுதியும் அவ்வெல்லைக்குள்ளேயே செல்லுபடியாகும். குத்தகைக் காணியிற் கல்வீடு கட்டுவது போன்றது இது. குத்தகைக் காணி கூடாது என நாம் கூறவில்லை. சொந்தக் காணி வாங்க வசதியற்றோர்க்கு அதுவே வழி. குத்தகைக் காலமும் நிபந்தனையும் தெரியாமல் அத்திவாரம் வெட்டுவதே ஆபத்து.

திறந்த மூலநிரல் இதற்கு மாற்றாகும் எனச் சிலர் வாதிப்பர். அதில் உண்மை உண்டு. கொழும்பில் 2005இல் தொடங்கப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் வெவ்வேறு வணிக மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் தன் கருவிகளையும், பின்னர் உருவாக்கிய பலரினா நிரல்மொழியையும் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிட்டது. அத்தகைய கருவியைப் பற்றிப் பேசும் சார்பாளரின் கூற்றை, ஐயமுள்ளோர் நிரலைத் திறந்து சோதிக்கலாம். முன்னர் இல்லையென்று நாம் குறைப்பட்ட எதிர்த்தரப்பு இங்கு ஓரளவு தோன்றுகின்றது. எனினும் மூலநிரலைப் படித்து அறியக்கூடியது அதன் இன்றைய நிலையையே. எலாஸ்ரிக் நிறுவனம் 2018இல் தன் தேடற் கருவியின் திறந்த உரிமம் மாற்றப்படாது என உறுதி கூறியது. 2021 ஜனவரியில் இனிவரும் பதிப்புகளுக்கு அதை மாற்றுவதாக அறிவித்தது. 2024இல் மீண்டும் ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. 2018இன் உறுதியைச் சபைகளிற் கூறியிருக்கக்கூடிய சார்பாளரை எண்ணுக. அவர் எந்தச் சொல்லை மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும்?

'மாற்றப்படாது என நிறுவனம் இன்று கூறுகின்றது. அதனை மாற்றும் அதிகாரமும் நிறுவனத்திடமே உள்ளது' எனச் சொல்லியிருக்கலாம் என்பதே எம் விடை. இவ்விரண்டாம் பகுதி கசப்பானது. ஆனால் அதைக் கூறாவிடிற் பிணை முழுமையாகிவிடுகின்றது.

வேதனம் பெறும் ஒருவர் இவ்வாறெல்லாம் பேச இயலுமா என்னும் தடை எழுதல் இயல்பு. அது இலேசான தடையன்று. சார்பாளர் எத்தனை பேரைப் பதிவுசெய்யச் செய்தார், மண்டபத்தில் எத்தனை தலைகள் இருந்தன, விளக்கப்படத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்பன எண்ணக்கூடியவை. முறைப்பாடு ஒன்றைப் பொறியியலாளரிடம் கொண்டுசென்று, ஆறு மாதம் வாதாடி, ஒரு குறையை நீக்கச் செய்தார் என்பதற்கு எண் இல்லை. எண்ண முடிந்த பாதி விற்பனைக்கு உதவும் பாதி. எண்ண முடியாத பாதி நிரலாளருக்கு உதவும் பாதி. அவர் விற்பனைப் பிரிவின்கீழ் வைக்கப்படுவாராயின் எப்பாதி தேயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மென்பொருள் நிறுவனங்களில் நிகழ்ந்த பெரும் ஆட்குறைப்புகளுக்கு இத்தொழிலினரும் தப்பவில்லை. பிணையாளியின் சொந்த வீடும் குத்தகைக் காணியிலேயே உள்ளது. ஆதலால் அவரைத் தனியே குற்றஞ்சாட்டுவது அறிவுடைமையன்று. நிறுவனம் எவ்வளவு உண்மையைத் தாங்கும் என்பதும் சேர்த்தே கேட்கப்படல் வேண்டும். 2005இல் மைக்ரோசொப்றில் இத்தகைய பணியிலிருந்த ரொபேட் ஸ்கோபிள், வொஷிங்டன் மாநிலத்தின் பாகுபாட்டுத் தடைச் சட்டமூலம் தொடர்பாகத் தம் தலைமை நிறைவேற்று அதிகாரியின் நிலைப்பாட்டையே பகிரங்கமாகக் கண்டித்தார், வேலை போகவில்லை. தாங்கக்கூடிய அளவு நாம் எண்ணுவதிலும் சற்றுப் பெரிதாக இருக்கலாம் என்பதற்கு இஃது ஓர் உதாரணம். ஒன்றை வைத்து விதி வகுப்பதற்கில்லை.

சார்பாளரிடம் நாம் வேண்டுவது வீரத்தை அன்று. தம் நிறுவனத்தைப் பழிக்கவும் வேண்டியதில்லை. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் நன்னனைப் புகழ்வதிற் குறைவைக்கவில்லை. ஆயினும் அவனை அடையும் மலைவழியிற் பன்றிக்கு வைத்த பொறிகளையும், பாம்புகள் கிடக்கும் குழிகளையும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்களையும் விரிவாக எடுத்துரைக்கின்றார். புகழ்ச்சியும் எச்சரிக்கையும் ஒரே பாட்டிற் பகையின்றி அடங்குகின்றன. அவர் கூறியது போகும் வழியின் இடர். எம்காலத்துச் சார்பாளர் கூறவேண்டியது மீளும் வழியின் இடர். தரவுகளை வெளியே எடுக்கும் முறை என்ன, எந்த வடிவில் அவை கிடைக்கும், எழுதிய நிரலில் எப்பகுதி வேறிடத்திலும் பயன்படும், எப்பகுதி இங்கேயே மடியும், முன்னர் இந்நிறுவனம் கைவிட்ட கருவிகள் எவை, கைவிடும்போது எவ்வளவு அவகாசம் தந்தது என்பன அனைத்தும் அறியக்கூடிய செய்திகள். எதிர்காலத்தை ஆருடம் கூற வேண்டியதில்லை.

பேஸ்புக் 2013இல் வாங்கிய பார்ஸ் என்னும் தளத்தை மூடப்போவதாக 2016 ஜனவரியில் அறிவித்தது. நிரலாளர் திகைத்தனர். ஆயின் ஓராண்டு அவகாசமும், தரவுகளை மாற்றும் கருவியும், தாமே நடத்தத்தக்க சேவைநிரலின் திறந்த மூலமும் அவர்களுக்குக் கிடைத்தன. 2017 ஜனவரியில் தளம் மூடப்பட்டபோது பலர் தம் நிரல்களை வேறிடத்திற்குக் கொண்டுசென்றிருந்தனர். வாக்கு முறிந்தது; எனினும் மீளும் வழி இருந்தது. முறிந்த வாக்குகளுள்ளும் தரவேறுபாடு உண்டு என்பதை மறுத்தற்கில்லை.

பெரு நிறுவனங்கள் பல்கலைக்கழக மாணவர்களையே தம் தூதுவராகத் தெரிவுசெய்யும் திட்டங்களும் இப்போது உள. சான்றிதழும் சட்டையும் சில இலவச வசதிகளும் பெற்று, தம் வகுப்புத் தோழர்க்கே தளத்தை அறிமுகஞ் செய்யும் அம்மாணவர் வேதனமும் பெறுவதில்லை. தம்மைச் சார்பாளர் என எண்ணுவதும் இல்லை. அவர்கள் நடத்தும் பயிற்சிப் பட்டறையின் இறுதியில் வினா உண்டா எனக் கேட்கப்படும்போது, 'இதில் எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியேறுவதாயின் எவ்வளவு செலவாகும்?' எனப் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்பாரேல், மேடையில் நிற்பவரும் அதனை முதன்முறையாக எண்ணிப் பார்க்கக்கூடும்.